அணைக்கக் கூடாத ஆளி

மருத்துவமனை, பாடசாலை, நூல்நிலையம், பெரிய புடைவைக் கடை ஆகிய இடங்களுள் நுழையும்போது, வாசலுக்கு அருகே சுவரிலே பொருத்தப்பட்டிருக்கும் உலோகப் பெட்டியொன்றை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அதன் முகப்பிலே சிறிய விளக்குகள் சில இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் பச்சை நிறமாக எரிந்துகொண்டிருக்கும். மற்றவை அணைந்திருக்கும். 'பயர் அலாம் பனல்' என்று வழக்கிலே கூறப்படும் அதனை, இன்றைய பேச்சிலே நாம் தீயறிவிப்புப் பெட்டி என்று அழைப்போம்.

இப்பெட்டியைப் பற்றி ஒரு புதிர் உண்டு. இதற்கு மின்சாரம் செல்லும் பாதையிலே, நாம் பேச்சில் சுவிச்சு என்று கூறும் ஆளி ஒன்று இருந்தே ஆகவேண்டும். அதே வேளையில், அந்த ஆளியை எவரும் அணைத்துவிடவும் கூடாது. இருக்கவும் வேண்டும், தொடப்படவுங் கூடாது என்னும் இவ்விரு விதிகளும் எவ்வாறு ஒருங்கே பொருந்தும்? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் அப்பெட்டி செய்யும் தொழில் யாது என்று பார்ப்போம். கட்டடத்தின் பல இடங்களில், கூரையின் அடியிலே, புகையையும் வெப்பத்தையும் உணருங் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. மாடிப்படி, வாயில் முதலிய இடங்களிலே, மனிதர் தம் கையால் அழுத்தி அபாயத்தை அறிவிக்கும் சிவப்பு நிறப் பெட்டிகள் உள்ளன. இவையெல்லாம் கம்பிகளால் தீயறிவிப்புப் பெட்டியுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. எங்கேனும் புகை எழுந்தால் செய்தி பெட்டிக்கு வருகின்றது. பெட்டி சிவப்பு விளக்கை ஏற்றி, எந்தப் பகுதியில் ஆபத்து என்று காட்டி, கட்டடமெங்குமுள்ள மணிகளை ஒலிக்கச் செய்கின்றது. உடம்புக்கு நரம்பும் மூளையும் எவ்வாறோ, கட்டடத்துக்கு இக்கருவிகளும் இப்பெட்டியும் அவ்வாறு.

வீட்டு மின்குமிழ் எரியாவிட்டால் நமக்கு உடனே தெரியும். இருட்டே அதைச் சொல்லிவிடும். தீயறிவிப்புப் பெட்டியின் நிலைமை அப்படியன்று. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது வெளிப்படையாக எத்தொழிலும் செய்வதில்லை. ஆகவே அது உயிரோடிருக்கிறதா, உயிரற்றுக் கிடக்கிறதா என்பதை ஒருவரும் கவனியாமலே பல மாதங்கள் கழிந்துவிடலாம். அது தேவைப்படும் அந்த ஒரு நாளிலே அதற்கு மின்சாரம் இல்லையென்றால், உறங்குகின்ற நோயாளரை எழுப்புவது யார்? மேல்மாடி வகுப்பறையிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வது யார்? அதனாலேதான் இப்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் முறையைப்பற்றித் தனியான விதிகளை வகுத்திருக்கிறார்கள். பிரித்தானியரின் பி.எஸ். 5839 என்னும் நியமம் இவ்விடயத்திலே பல நாடுகளாற் பின்பற்றப்படுவது. அதன் முதற் பகுதியின் புதிய பதிப்பு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலங்கையின் மின்னிணைப்பு முறைகளும் நெடுங்காலமாகப் பிரித்தானிய விதிகளைத் தழுவியே வந்திருப்பதால், அந்நியமத்தின் வழியிலேயே நாமும் இவ்விடயத்தை ஆராய்வோம்.

இப்பெட்டியின் மின்சாரத்துக்குப் பகைவர் மூவர். ஒன்று, ஊர் மின்சாரம் நின்றுபோதல். இரண்டு, மூண்ட தீயே மின்கம்பியை எரித்துவிடுதல். மூன்று, மனிதனுடைய கை. இவர்களை ஒவ்வொருவராக நோக்குவோம்.

முதலாவது பகைவனை நாம் நன்கு அறிவோம். 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதியும், 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆந் திகதியும் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதியும் அவ்வாறே நேர்ந்தது. பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று அகப்பட்டதே அதற்குக் காரணமென மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். ஒரு குரங்கு ஒரு நாட்டையே இருளில் ஆழ்த்த முடியுமானால், ஊர் மின்சாரத்தை மட்டும் நம்பி ஓர் உயிர்காக்குங் கருவியை வைத்திருக்க முடியாதல்லவா?

இதன்பொருட்டே பெட்டியினுள்ளே பற்றரிகள் வைக்கப்படுகின்றன. நம் நாட்டில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். பெட்டியினுள் அது பொதுவாக 24 வோல்ற்று நேரோட்டமாக மாற்றப்படுகின்றது. 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, அதே 24 வோல்ற்றைத் தருகின்றன. ஊர் மின்சாரம் உள்ளபோது அவை மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்கும். அது நின்ற கணத்திலேயே பெட்டியின் சுமையைத் தாம் ஏற்றுக்கொள்ளும்.

எவ்வளவு நேரத்துக்கு? மக்கள் உயிரைக் காக்கும் அமைப்புகளிலே, 24 மணி நேரம் பெட்டி விழித்திருக்கவும், அதன் முடிவிலும் அரை மணி நேரம் மணிகளை ஒலிக்கச் செய்யவும் போதிய சக்தி பற்றரியில் இருத்தல்வேண்டும் என்பதே பொதுவிதி. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். அமைதியாக இருக்கும் வேளையில் பெட்டி கால் அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கின்றதெனக் கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 6 அம்பியர் மணி வேண்டும். மணிகள் ஒலிக்கும்போது 2 அம்பியர் எடுக்கின்றதென்றால், அரை மணி நேரத்துக்கு 1 அம்பியர் மணி. ஆகமொத்தம் 7. பற்றரி மூப்படையும்போது அதன் கொள்ளளவு குறைவதால், அதற்கென மேலும் காற்பங்கு கூட்ட, எட்டே முக்கால் ஆகின்றது. இதனோடு, மின்னோட்டத்தை விரைவாக எடுத்தால் பற்றரி தன் முழுச் சக்தியையும் தராது என்பதையும் கருத வேண்டும். ஆகவே கடையிற் கிடைக்கும் 12 அம்பியர் மணிப் பற்றரியைத் தெரிவு செய்வதே அறிவுடைமை. கணக்குப் பாராமல், கைக்கு அகப்பட்ட சிறிய பற்றரியை வைத்து மூடிவிடுவோர் 24 மணி நேரம் என்ற வாக்குறுதியை அன்றே மீறுகின்றனர்.

இங்கே இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். வெறுமையான பற்றரி மீண்டும் நிரம்புவதற்கு நேரம் தேவை. 24 மணி நேரத்தில் நூற்றுக்கு 80 பங்காவது நிரப்பவேண்டும் என்பது மின்னேற்றிக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நம் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைபெற்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 13 மணி நேரத்தில், 24 மணிக்கு மட்டும் அளவான பற்றரி தன் சக்தியிற் பாதிக்கு மேல் இழந்துவிடும். எஞ்சிய 11 மணி நேரத்திலே, குறைந்த அளவை மட்டும் நிறைவுசெய்யும் மின்னேற்றி, மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமாகவே திரும்ப ஊட்டும். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் போல, நாளுக்கு நாள் பற்றரி வறுமையடையும். ஆகையால் மின்வெட்டு நாட்தோறும் நிகழுங் காலங்களிலே, பற்றரி இருக்கிறதே என்று வாளாவிருத்தல் கூடாது. அதன் நிலையை அளந்து பார்த்தல் வேண்டும்.

இனி இரண்டாவது பகைவனான தீயைப் பற்றிப் பேசுவோம்.

1991ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியிலே தீப்பற்றியது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே சூடேறித் தீப்பற்றியதே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அக்கட்டடத்துக்கு மின்சாரம் கொண்டுசென்ற பிரதான கம்பிகளும், அவற்றுக்குத் துணையாக இருந்த இரண்டாவது தொகுதிக் கம்பிகளும் ஒரே கூட்டின் வழியாகவே மேலே சென்றன. தீ அக்கூட்டை அடைந்ததும் இரண்டும் ஒருங்கே அழிந்தன. அவசர காலத்துக்கென வைத்திருந்த மின்பிறப்பாக்கியும் இயங்கவில்லை. மின்தூக்கிகள் நின்றன, விளக்குகள் அணைந்தன. தீயணைப்பு வீரர்கள் இருளிலே படியேறிப் போராடினர். அவர்களில் மூவர் உயிர்துறந்தனர். பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாக எரிந்த அந்தத் தீ எட்டு மாடிகளை அழித்து, தானாக நீர் தெளிக்குங் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்த 30ஆவது மாடியிலேதான் தடுத்து நிறுத்தப்பட்டது.

இரண்டு பாதைகள் இருந்தாலும் அவை ஒரே வாசலால் நுழையுமாயின், அவை உண்மையில் ஒரே பாதையே. இதுவே அந்த நிகழ்ச்சி தரும் பாடம். தீயறிவிப்புப் பெட்டிக்கும் இது பொருந்தும். அதற்கு மின்சாரங் கொண்டுவரும் கம்பியும், அதிலிருந்து மணிகளுக்குச் செல்லுங் கம்பிகளும், தீயின் நடுவிலும் குறித்த நேரம் தொழிற்படக்கூடிய சிறப்பு வகைக் கம்பிகளாக இருத்தல்வேண்டும். சாதாரண கட்டடங்களுக்கு 30 நிமிடத் தாங்குதிறன் கொண்ட வகையும், மக்கள் கட்டங் கட்டமாக வெளியேற்றப்படும் உயர்ந்த கட்டடங்களுக்கு 120 நிமிட வகையும் விதிக்கப்பட்டுள்ளன. கம்பி மட்டும் தீயைத் தாங்கினாற் போதாது. அதைச் சுவரிலே பிடித்திருக்கும் பிடிகளும் தாங்கவேண்டும். 2010ஆம் ஆண்டு ஏப்ரிலில், இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரிலுள்ள ஷேர்லி டவர்ஸ் என்னும் தொடர்மாடியிலே தீப்பற்றியபோது, பிளாஸ்ரிக் உறைகள் உருகியதால் கம்பிகள் கீழே தொங்கின. அந்தத் தீயில் இறந்த இரு தீயணைப்பு வீரரும் அக்கம்பிகளிற் சிக்குண்டனர். பிளாஸ்ரிக் பிடிகளை மட்டும் நம்பிக் கம்பிகளைத் தொங்கவிடுதல் கூடாது என்ற விதி அதன் பின்னர் வலுப்பெற்றது.

மூன்றாவது பகைவனே மிகவும் நுட்பமானவன். ஏனெனில், அவன் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவன்.

ஒரு பணிமனையை மனத்திலே கற்பனை செய்யுங்கள். அங்கே தீயறிவிப்புப் பெட்டிக்கும் நடைபாதை விளக்குகளுக்கும் ஒரே மின்சுற்று. மாலையிலே, மின்சாரத்தை வீணாக்கக்கூடாதென்று எண்ணிய காவலாளி அந்த ஆளியை அணைத்துவிட்டுப் போகின்றார். பெட்டி பற்றரியில் ஓடுகின்றது. ஊர் மின்சாரம் தனக்கு வரவில்லை என்பதை அறிவிக்க, மஞ்சள் விளக்கை ஏற்றிச் சிறு ஒலி எழுப்புகின்றது. மறுநாள் மேலாளர் விசாரிக்கின்றார். "ஐயா, அந்தப் பெட்டி ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு கிடந்தது. அதுதான் பற்றரி வயரையும் கழற்றி, சத்தத்தை நிற்பாட்டிப் போட்டன்" என்கின்றார் காவலாளி. அவர் தீயவர் அல்லர். சிக்கனத்தை விரும்பினார், அமைதியை விரும்பினார். ஆயினும் அன்றிலிருந்து அக்கட்டடம் காவலற்றதாயிற்று.

இத்தகைய தவறு நிகழாதிருக்க வகுக்கப்பட்ட விதிகள் எளியவை. முதலாவது, தீயறிவிப்புப் பெட்டிக்கு அதற்கென்றே தனியான மின்சுற்று வேண்டும். விளக்கோ, விசிறியோ, தண்ணீர் குளிரூட்டும் இயந்திரமோ அதே சுற்றில் இருத்தல் ஆகாது. இரண்டாவது, கழற்றக்கூடிய பிளக்கு மூலம் அதனை இணைத்தல் கூடாது. துப்புரவு செய்பவர் வேறொரு கருவிக்காக அதைக் கழற்றிவிடுவார். மூன்றாவது, கட்டடத்துக்கு மின்சாரம் நுழையும் இடத்துக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ஆளிகள் இயன்றவரை குறைவாக இருத்தல்வேண்டும். ஒவ்வோர் ஆளியும் தவறு நிகழ்வதற்கான ஒரு வாயிலல்லவா?

நான்காவது, இரவிலும் விடுமுறையிலும் பிரதான ஆளியையே அணைத்துவிடும் வழக்கமுள்ள கடைகளில், பெட்டிக்கான சுற்றை அப்பிரதான ஆளிக்கு முன்னரே பிரித்தெடுத்தல் வேண்டும். அப்படிச் செய்தால், பிரதான ஆளியை அணைத்த பின்னரும் அச்சுற்றிலே மின்சாரம் இருக்கும் என்ற எச்சரிக்கையை அவ்விடத்தில் எழுதி வைத்தல்வேண்டும். ஐந்தாவது, பெட்டியின் சுற்றைக் காக்கும் ஒவ்வொரு கருவியின்மீதும் 'தீயறிவிப்பு: அணைக்க வேண்டாம்' என்று தெளிவாகப் பொறித்தல்வேண்டும். நம் நாட்டிலே அவ்வெழுத்து, கட்டடத்திற் பணியாற்றுவோர் வாசிக்கும் மொழிகள் அனைத்திலும் இருத்தல் நன்று.

ஆறாவது விதி, வழக்கிலே டிரிப் சுவிச்சு என்று சொல்லப்படும் காப்புக் கருவியைப் பற்றியது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால் கணப்பொழுதிலே இணைப்பைத் துண்டித்து, மனிதர் உயிரைக் காப்பது அது. ஆயினும், கட்டடம் முழுவதற்கும் ஒரே டிரிப் சுவிச்சு இருக்குமாயின், சமையலறைக் கேத்தலில் ஏற்படுங் கசிவு தீயறிவிப்புப் பெட்டியின் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். ஆகவே, மின் பாதுகாப்புக்கு அவசியமில்லாத இடத்தில் பெட்டியின் சுற்றுக்கு அதனை வைத்தல் வேண்டா. நிலத்தொடுப்பு முறை காரணமாக அது அவசியமென்றால், வேறெந்தச் சுற்றின் பழுதும் பாதிக்காதவாறு, பெட்டிக்கென்றே தனியாக ஒன்றை வைத்தல்வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், "அப்படியானால் ஆளியே இல்லாமற் செய்துவிடலாமே" என்று உங்களில் எவரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடை, பெட்டியைத் திறந்து பழுதுபார்க்கும் தொழிலாளியிடம் இருக்கின்றது.

பெட்டியினுள்ளே 230 வோல்ற்று வந்து சேருமிடத்திலே அவர் கை வைக்கவேண்டியிருக்கும். மின்சாரத்தை முற்றாக நிறுத்தாமல் அங்கே தொழில் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். உயிர்க்கம்பியை மட்டும் துண்டித்தால் போதாது. எங்கேனும் இணைப்புகள் இடம்மாறியிருந்தால், நொதுமற்கம்பி என்று எண்ணப்பட்டதே உயிருடன் இருக்கக்கூடும். ஆகையால் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி ஆகிய இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் ஆளியே விதிக்கப்பட்டுள்ளது. அது பெட்டிக்கு அருகிலேயே இருத்தல்வேண்டும். தொலைவிலுள்ள மின் அறையில் இருந்தால், தொழிலாளி பெட்டியினுள் கை வைத்திருக்கும் வேளையில், விடயமறியாத ஒருவர் அங்கே மின்சாரத்தைத் திரும்பவும் கொடுத்துவிடக்கூடும். ஊர் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் பற்றரியின் 24 வோல்ற்று பெட்டியினுள் உயிரோடிருக்கிறது என்பதையும் அவர் மறத்தலாகாது. அது மனிதனைக் கொல்லும் அளவினதன்று. எனினும், தவறுதலாகக் கருவியொன்று இரு முனைகளையும் தொட்டால் பெருந்தீப்பொறி எழும்.

அந்த ஆளிக்கு மற்றொரு பயனும் உண்டு. பற்றரி உண்மையிலே சுமையைத் தாங்குமா என்று அறிய, ஊர் மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பதே வழி. மின்வெட்டு வரும்வரை காத்திராமல், குறித்த தவணைகளில் இச்சோதனையைச் செய்வதற்கு அந்த ஆளியே துணைபுரிகின்றது.

இனி நமது புதிருக்கு விடை கூறுவோம். அந்த ஆளி பூட்டப்படக்கூடியதாக இருத்தல்வேண்டும் என்பதே விடை. ஏனைய நாட்களில், எவரும் அணைத்துவிடாதபடி பூட்டுக் காக்கின்றது. அப்போது அது கட்டடத்திலுள்ள நூற்றுக்கணக்கானோரின் காவல். பழுதுபார்க்கும் நாளிலே, எவரும் ஏற்றிவிடாதபடி அதே பூட்டுக் காக்கின்றது. அப்போது அது பெட்டியின்முன் நிற்கும் ஒரு தொழிலாளியின் காவல். திறப்பு, பொறுப்புள்ள ஒருவரிடம் இருக்கும். எப்போது அணைக்கப்பட்டது, எப்போது மீண்டும் ஏற்றப்பட்டது, யார் செய்தார் என்பன பதிவேட்டிலே எழுதப்படும். நூற்றுவர் உயிரையும் ஒருவர் உயிரையும் ஒருங்கே மதிக்கும் ஏற்பாடு இது.

நேயர்களே, இவை மின் பொறியியலாளருக்குரிய விடயங்கள், நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் பணியாற்றும் இடத்திலோ, உங்கள் பிள்ளைகள் கற்கும் பாடசாலையிலோ அப்பெட்டியைக் கண்டால், ஒரு கணம் நின்று அதன் முகப்பைப் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஏதோ பழுது. பெட்டி உதவி கேட்கின்றது. அப்போது ஒலியை மட்டும் அடக்குவதற்கு அதிலேயே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்துவது பொறுப்பாளரின் வேலை; மின்சாரத்தை நிறுத்துவது யாருடைய வேலையும் அன்று. ஒரு விளக்கும் எரியவில்லையென்றால், அதைவிடப் பெரிய அபாய அறிவிப்பு வேறில்லை. உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவர் நாளை பார்க்கலாம் என்றால், இன்றே பார்க்கும்படி மீண்டும் சொல்லுங்கள்.

வாரந்தோறும் ஒரு குறித்த வேளையில், சிவப்புப் பெட்டிகளுள் ஒன்றை இயக்கி, மணி ஒலிக்கின்றதா என்று சோதிப்பதும் விதியே. அந்த மணி ஒலிக்கும்போது, தொழிலைக் கெடுக்கின்றதே என்று சினம் கொள்ளாதீர்கள். தான் விழித்திருப்பதாக வாரத்துக்கொரு முறை அது உங்களுக்குச் சொல்கின்றது. அந்தக் குரல் கேளாத வாரத்திலேதான் நாம் அஞ்சவேண்டும்.